பாட்டில் வரும் கழுதையும் எருமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பாட்டுப் படிக்கிறோம். கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், காரிமங்கலம் பக்கத்து விவசாயிகள், கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் என்று கலவையான கூட்டம். யாரும் அழகென்று சொல்லாத விலங்குகளைக் கவிஞர்கள் எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் படிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரே சந்தேகங்கள் ஆள் மாற்றி ஆள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன். பதில்களில் இருக்கும் விருப்பு வெறுப்பு என்னுடையது.

மயிலும் மானும் இருக்கும்போது கழுதையையும் எருமையையும் எதற்காகப் பாட வேண்டும்?

பாடியவர்கள் அவற்றோடு வாழ்ந்தார்கள், அவ்வளவுதான். மயிலைப் பார்க்க மலைக்குப் போக வேண்டும். எருமை வீட்டுப் பின்பக்கம் கட்டிக் கிடக்கும். ஐங்குறுநூற்றில் பத்துப் பத்துப் பாட்டாக வைத்த தொகுதிகளின் பெயர்களைப் பாருங்கள். மயிலுக்கு மஞ்ஞைப் பத்து, கிளிக்குக் கிள்ளைப் பத்து இருக்கின்றன. எருமைப் பத்தும், நண்டுக்குக் களவன் பத்தும், காட்டுப்பன்றிக்குக் கேழற்பத்தும், குரங்குக்குக் குரக்குப் பத்தும் அதே நூலில்தான் இருக்கின்றன. மயிலுக்குப் பத்துப் பாட்டு, பன்றிக்கும் பத்துப் பாட்டு. தொகுத்தவர்கள் யாருக்கும் இதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மயிலைப் பாடுகிறவனுக்குப் பாதி வேலையை மயிலே முடித்துக் கொடுத்துவிடுகிறது. கழுதையைப் பாடுகிறவன் உண்மையிலேயே கழுதையைப் பார்த்திருக்க வேண்டும்.

சங்க இலக்கியத்தில் கழுதை வருகிறதா? யானையும் புலியும்தான் என்று நினைத்திருந்தேன்.

வருகிறது, நன்றாகவே வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வணிகச் சாத்து, அதாவது வணிகர் கூட்டம், ஒன்று போகிறது. மிளகு மூட்டை சுமந்த கழுதைகள். இரண்டு பக்கமும் எடை சரியாகக் கட்டிய மூட்டை, சிறிய சுளைகள் கொண்ட பெரிய பலாப்பழம் போல் இருக்கிறதாம். கழுதையைப் பற்றி அவர் சொல்வது இரண்டே செய்தி: 'வடுஆழ் நோன்புறத்து அணர்ச்செவிக் கழுதை'. மூட்டை அழுத்தி அழுத்தித் தழும்பு ஆழப் பதிந்த வலிய முதுகு. மேல்நோக்கி நிமிர்ந்த காது. அது நடக்கும் வழியோ 'உல்குடைப் பெருவழி', அதாவது சுங்கம் வாங்கும் நெடுஞ்சாலை.

தழும்பைக் கவனியுங்கள். நாட்டின் மிளகு வணிகம் எதன் மேல் நடந்தது என்பதற்குக் கழுதையின் முதுகே சாட்சி. நம் பக்கத்தில் இதைப் புரியவைப்பது சுலபம். பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போகும் படம் தேர்தலுக்குத் தேர்தல் செய்தித்தாளில் வந்திருக்கிறது. படத்தில் அதிகாரிகளையும் போலீஸ்காரர்களையும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். உருத்திரங்கண்ணனாராக இருந்தால் முதலில் முதுகைப் பார்த்திருப்பார்.

அதியமான் மகனைப் பாடிய பாட்டிலும் கழுதை இருக்கிறதாமே? நம் ஊர் அரசரைக் கழுதையோடு சேர்த்துப் பாடலாமா?

இருக்கிறது. புறநானூறு 392. அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி என்பதால் இந்தக் கேள்வியைக் கேட்பவர் குரலில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும். அதியமான் மகன் பொகுட்டெழினியின் வாசலில் பனி விழும் விடியலில் கிணைப்பறையோடு நின்று வாழ்த்துவதாக ஔவையார் பாடுகிறார். வாழ்த்து இது: பகைவரின் கோட்டைகளைக் கடந்தாய், இரத்த ஈரம் காயாத களங்களில் 'வெள்வாய்க் கழுதைப் புல்லினம்' பூட்டி உழுதாய், வெள்ளை வரகும் கொள்ளும் விதைத்தாய்.

தோற்றவன் மண்ணைக் கழுதை பூட்டி உழுவது பகைவனுக்குச் செய்யும் அவமானம். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையாரும் (புறநானூறு 15) இதே செயலை இதே 'வெள்வாய்க் கழுதைப் புல்லினம்' என்ற சொற்களால் சொல்கிறார். ஆகவே தாழ்வு எழினிக்கு இல்லை, தோற்றவனுக்கு. விதையைத்தான் நான் மறுபடியும் மறுபடியும் பார்ப்பேன். நெல் விளைந்த வயலையும் மாளிகையையும் வைத்திருந்தவனுக்கு வரகும் கொள்ளும் விளையும் புன்செய் மிஞ்சுகிறது. கொள்ளு விதைக்கும் நம் மானாவாரி விவசாயிகளுக்கு இந்த ஏளனம் கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும்.

இதில் கழுதைக்கு என்ன மரியாதை என்று கேட்டால், எதுவும் இல்லை. அது கருவி. ஆனாலும் 'வெள்வாய்' என்ற சொல்லில் ஒரு பார்வை இருக்கிறது. சாம்பல் உடம்பில் வாயைச் சுற்றி மட்டும் வெளுத்திருப்பதைப் பார்த்த கண் அது. வசைக்குக் கூட அவர்கள் விலங்கைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

இரண்டு பாட்டை ஒப்பிடு என்றால் எங்கே தொடங்குவது? எப்போதும் 'இதில் புகழ்ச்சி, அதில் இகழ்ச்சி' என்று எழுதிவிட்டு நின்றுவிடுகிறேன்.

புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஒரு சோதனை: பாட்டிலிருந்து அந்த விலங்கை எடுத்துவிட்டு வேறொன்றை வையுங்கள். பாட்டு நிற்கிறதா, விழுகிறதா? நின்றுவிட்டால் கவிஞர் விலங்கைப் பார்க்கவில்லை. சொல்லவந்த கருத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார். விழுந்துவிட்டால் அந்த உயிரின் உடம்பும் பழக்கமும் பாட்டுக்குள் வேலை செய்கின்றன.

அடுத்தது, விலங்கு என்ன செய்கிறது என்று வினைச்சொற்களை மட்டும் எழுதிப் பாருங்கள். மூன்றாவது, யார் பேசுகிறார்கள்: கவிஞரா, ஒரு பாத்திரமா, விலங்கேவா? இந்த மூன்றையும் இரண்டு பாட்டுக்கும் எழுதிவிட்டால் ஒப்பீட்டில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

எருமையைப் பற்றி உருப்படியான பாட்டு ஒன்று சொல்லுங்கள். திட்டுவதற்குத்தான் எருமை பயன்படுகிறது.

அகநானூறு 46. பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். முதல் அடிகளை அப்படியே தருகிறேன்:

சேற்றுநிலை முனைஇய செங்கட் காரான்
ஊர்மடி கங்குலில் நோன்தளை பரிந்து
கூர்முள் வேலி கோட்டின் நீக்கி
நீர்முதிர் பழனத்து மீன்உடன் இரிய
அம்தூம்பு வள்ளை மயக்கித் தாமரை
வண்டூது பனிமலர் ஆரும் ஊர!

தொழுவத்துச் சேற்றில் நின்று நின்று வெறுத்துப்போன, கண் சிவந்த எருமை. ஊர் அடங்கிய இரவில் வலுவான கயிற்றை அறுத்துக்கொள்கிறது. கூர்மையான முள்வேலியைக் கொம்பால் தூக்கி ஒதுக்குகிறது. நீர் நிறைந்த வயலில் இறங்குகிறது; மீன்கள் ஒன்றாகச் சிதறி ஓடுகின்றன. வள்ளைக் கொடியைக் குழப்பிக்கொண்டு போய், வண்டு ஊதிக்கொண்டிருக்கும் தாமரையைத் தின்கிறது.

வேலிக்கு வாருங்கள். மாடு முட்டும், ஆடு இடுக்கில் நுழையும். எருமை கொம்பைக் கீழே கொடுத்து முள்ளைத் தூக்கும். பின்னோக்கி வளைந்த கொம்பும் தடித்த தோலும் இருப்பதால்தான் அது முடிகிறது. வெறுத்தது, அறுத்தது, நீக்கியது, இறங்கியது, குழப்பியது, தின்றது என்று வினைகள் ஒவ்வொன்றாக அடுக்கி வர, ஒன்றிலும் அவசரம் இல்லை. மெத்தனம் என்று நாம் திட்டுகிற அதே குணம் இங்கே தடுக்க முடியாத தீர்மானமாக நிற்கிறது. இதைப் படித்தபின் வீட்டில் யாரையும் 'எருமை' என்று திட்டுவது கொஞ்சம் புகழ்ச்சி போல ஆகிவிடும்.

பக்கத்தில் வைத்துப் படிக்க ஐங்குறுநூறு 92. அங்கே எருமை, ஈன்று சில நாளே ஆன தாய். 'காதல் குழவிக்கு ஊறுமுலை மடுக்கும்' என்கிறார் ஓரம்போகியார். கன்றுக்குப் பால் கொடுக்கும் எருமையைத் தவிர அதில் நிகழ்ச்சி என்று ஒன்றும் இல்லை.

அந்த அகநானூற்று எருமை பரத்தையிடம் போகும் தலைவனைக் குறிக்கிறது என்று எங்கள் உரைநூலில் இருக்கிறது. அப்படியானால் அது வெறும் அடையாளம்தானே? உங்கள் சோதனையிலேயே தோற்றுவிடுகிறதே?

நல்ல கேள்வி, கெட்டிக்காரத்தனமான கேள்வி. தலைவன் வீட்டை வெறுத்துக் கட்டுப்பாட்டை அறுத்து, தடையைத் தாண்டி, ஊரார் அலர் தூற்ற, வேறொரு பெண்ணின் அழகை உண்கிறான் என்பதுதான் உள்ளுறை, அதாவது காட்சிக்குள் மறைத்துவைத்த பொருள். தலைவனை வீட்டுக்குள் விட மறுக்கும் தோழி அதைத்தான் சொல்கிறாள். ஆனால் அவள் வாயில் அந்தச் சொற்கள் இல்லை. அவள் சொன்னதெல்லாம் எருமையைப் பற்றி மட்டும். உள்ளுறையில் உவமிக்கப்படும் பொருள் வெளியே வராது. அதனால் எருமைக் காட்சி தன் காலில் தானே நிற்க வேண்டும். அங்கே ஒரு பொய் இருந்தால் குத்தலும் போய்விடும்.

எருமைக்குப் பதில் யானையை வைத்துப் பாருங்கள். தலைவன் கம்பீரமாகிவிடுவான், தோழியின் கேலி செத்துவிடும். நரியை வைத்தால் அவன் திருடன் ஆகிவிடுவான். சேறு அப்பிய உடம்போடு தாமரையை மெல்லும் ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். பாட்டு விழுகிறது, ஆகவே சோதனையில் எருமை தேறுகிறது. அடையாளமாக இருப்பது குற்றமில்லை, அடையாளமாக மட்டும் இருப்பதுதான் குற்றம்.

பன்றியை யாராவது மதித்துப் பாடியிருக்கிறார்களா?

நற்றிணை 98, பாடியவர் உக்கிரப்பெருவழுதி. முள்ளம்பன்றியின் முள் போலப் பருத்த மயிர் நிற்கும் கழுத்து, சிறிய கண். தினைப்புனத்தில் மேய ஆசைப்பட்டு, பொறி வைத்திருக்கும் குறுகிய வழியில் நுழைகிறது. நுழையும் நேரத்தில் பக்கத்தில் ஒரு பல்லி சொல்கிறது. பன்றி 'மெல்லமெல்லப் பிறக்கே பெயர்ந்து', பின்னாலேயே நகர்ந்து, தன் கல்குகைக்குப் போய்விடுகிறது.

குறுகிய சந்தில் அந்தப் பருத்த உடம்பு திரும்ப முடியாது, பின்னால்தான் நகர வேண்டும். 'மெல்ல' என்று ஒருமுறை சொன்னால் போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ராகிக் கொல்லையில் இரவுக் காவல் இருந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு. இந்த இடத்தில் அவர்கள் சிரித்துவிடுவார்கள். இத்தனை எச்சரிக்கையான பன்றி வாழும் நாட்டின் தலைவனோ காவல் மிகுந்த வீட்டுக்கு இரவில் வந்துகொண்டே இருக்கிறான் என்று நான் படிக்கிறேன்.

இன்னொரு வகை மரியாதை திருவிளையாடற் புராணத்தில் இருக்கிறது. தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவபெருமானே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கும் படலம். கதையாக நெஞ்சைத் தொடும். ஆனால் அங்கே நாம் பார்ப்பது கடவுளின் கருணையை. நற்றிணையில் பார்ப்பது பன்றியை.

காக்கையை ஒரு பாட்டு தலையில் தூக்கி வைக்கிறது, இன்னொரு பாட்டு திட்டுகிறது. எதை எடுத்துக்கொள்வது?

இரண்டையும் எடுத்துக்கொண்டு, யார் எதற்காகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். குறுந்தொகை 210இல் பேசுபவள் தோழி. தலைவன் திரும்பி வந்துவிட்டான். தலைவியைத் தேற்றி வைத்திருந்ததற்காகத் தோழியைப் பாராட்டுகிறான். அவள் பாராட்டைக் காக்கை பக்கம் தள்ளிவிடுகிறாள். நள்ளி என்ற வள்ளலின் காட்டு இடையர்களின் பசுக்கள் தந்த நெய்யில், தொண்டி என்ற ஊரில் விளைந்த வெண்ணெல் முழுவதையும் சமைத்த சூடான சோற்றை ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும், விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்கு அது சிறிது என்கிறாள். இதைப் பாடியதால் நச்செள்ளையாருக்குக் 'காக்கைபாடினியார்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மூதுரை 24ஆம் வெண்பாவில் நல்ல தாமரைக் குளத்தில் அன்னம் சேர்வது போலக் கற்றவரைக் கற்றவர் விரும்புவர்; சுடுகாட்டில் காக்கை பிணத்தை விரும்புவது போல மூர்க்கரை மூர்க்கர் விரும்புவர். முன்னே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். காக்கைக்குப் பதில் கழுகு, நரி, எதை வைத்தாலும் பொருள் மாறாது. நல்ல வெண்பாதான், நினைவில் நிற்கும். காக்கை மட்டும் அதில் இல்லை. திருக்குறளில் (527) காக்கை கிடைத்ததை மறைக்காமல் கரைந்து கூட்டி உண்கிறது. அது பார்த்துச் சொன்னது, வேறு பறவையை வைத்தால் தளர்ந்துவிடும். பாரதியார் பாப்பா பாட்டில் 'எத்தித் திருடும் அந்தக் காக்காய்' என்று குற்றத்தையும் சொல்லி, அதற்கு இரக்கப்படவும் சொல்கிறார். குழந்தைகளுக்கு அந்த நேர்மை பிடிக்கிறது.

மூதுரை பாடிய ஔவையார்தானே அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியவர்?

இல்லை. ஒரே பெயரில் வேறு வேறு காலத்துப் புலவர்கள். அதியமானைப் பாடியவர் சங்க காலத்தவர். மூதுரையும் நல்வழியும் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. கிழவியின் கையில் கோலைக் கொடுத்து நாம்தான் எல்லோரையும் ஒருவராக்கிவிட்டோம். காக்கையைத் திட்டியது நம் தகடூர் ஔவையார் இல்லை என்று சிலர் நிம்மதி அடைவதைப் பார்த்திருக்கிறேன்.

ஐங்குறுநூற்றில் முதலை தன் குட்டியையே தின்னும் என்று இருக்கிறது. உண்மையா? தப்பென்றால் பாட்டும் தப்புதானே?

24ஆம் பாட்டு. 'தாய்சாப் பிறக்கும்' நண்டும் 'பிள்ளை தின்னும் முதலை'யும் உள்ள ஊர் தலைவனுடையது என்கிறது பாட்டு. தன்னை நம்பியவளைக் கைவிட்டவன் ஊர். இரண்டு செய்தியும் இன்றைய விலங்கியலுக்குப் பொருந்தாது. பெண் நண்டு குஞ்சுகளை வயிற்று மடலுக்குள் வைத்துச் சுமக்கிறது. குஞ்சுகள் வெளியே வந்ததும் தாய் சாவதில்லை. முதலையோ, பொரித்த குட்டிகளை வாயில் எடுத்து நீருக்குக் கொண்டுபோய் விடும் தாய். தொலைவிலிருந்து பார்த்தால் விழுங்குவது போலத்தான் இருக்கும். எனவே தப்பு, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்த தப்பு இல்லை. பார்த்ததற்குக் கொடுத்த விளக்கம் பிசகிவிட்டது. நண்டைப் பற்றிய நம்பிக்கை நல்வழி வரை நீடித்திருக்கிறது.

பாட்டு கெட்டதா? என் கணக்கில் இல்லை. காதலித்தவளை அழிப்பவனுக்கு அன்புடைய தாய் விலங்கையே உவமையாக்கிவிட்டது இப்போது ஒரு முரணாகத் தெரிகிறது. அது நமக்குக் கூடுதலாகக் கிடைத்த பொருள்.

முதலை என்றதும் நம்மூர்க்காரர்கள் படிக்க வேண்டியது புறநானூறு 104. ஊர்ச் சிறுவர்கள் விளையாடினாலே கலங்கிவிடும், கால் அளவே உள்ள சிறு நீரிலும் யானையை இழுத்து வீழ்த்தும் முதலை போன்றவன் என் தலைவன். இளையவன் என்று இகழாதீர்கள் என்று அதியமானின் பகைவரை ஔவையார் எச்சரிக்கிறார். ஒகேனக்கல் முதலைப் பண்ணைக்குப் போனால் கரையில் மரக்கட்டை மாதிரி கிடப்பதைப் பார்த்து 'இதுவா யானையை இழுக்கும்' என்று கேட்பீர்கள். பகைவர் செய்த தவறும் அதேதான். முதலையின் அசிங்கமான அசையாமையே பாட்டின் ஆயுதம்.

தேவாரம், திருவாசகம் பாடியவர்கள் தங்களை நாய் என்று சொல்லிக்கொள்கிறார்களே, அது நாய்க்கு அவமானம் இல்லையா?

மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் 'நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு' என்கிறார். நாயைவிடக் கீழானவன் தான் என்பது கூற்று. நாய் அங்கே ஓர் அளவுகோல். எந்த நாய், எப்படிப் படுத்திருந்தது என்று தெரியாது. அந்த அடியில் நமக்குக் கிடைப்பது அவருடைய பணிவு.

அப்பர் சொல்லும் ஆமை வேறு. உலையில் நீர் ஊற்றி, உள்ளே ஆமையை விட்டு, அடியில் தீ மூட்டுகிறார்கள். நீர் இளஞ்சூடாகும் வரை ஆமைக்குச் சுகம். 'திளைத்துநின் றாடுகின்ற ஆமைபோல் தெளிவிலாதேன்' என்று பாடுகிறார். இதில் ஆமையை மாற்ற முடியாது. தவளை எட்டிக் குதித்துவிடும், மீன் துடிக்கும். சாவுக்குள் நீந்தி விளையாடும் அந்தக் கனத்த, மந்தமான உயிர்தான் வேண்டும். 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். அப்பர் ஆமைக்குள் தன்னையே வைத்தார்.

எலி எங்கள் தானியத்தைத் தின்கிறது. அதைப் போய்ப் பாடுவதா?

இதைக் கேட்டவர் ராகி பயிரிடுகிறவர். கேட்க உரிமை உள்ளவர். அவருக்குப் புறநானூறு 190 பிடிக்கும். சோழன் நல்லுருத்திரன் பாடியது. விளைந்த சிறு நிலத்தைப் பார்த்து, வளைந்த கதிரைத் திருடி, வளை நிறைய வைக்கும் எலியைப் போலத் தம் செல்வத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் உள்ளமில்லாதவரோடு நட்பு வேண்டாம். தான் வீழ்த்திய பன்றி இடப்பக்கம் விழுந்தால் உண்ணாமல், மறுநாள் யானையை வலப்பக்கம் வீழ்த்தும் புலி போன்றவரின் நட்பே வேண்டும் என்கிறான்.

இதற்கு எதிரே வைக்க வேண்டியது ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் சுண்டெலிக்கு எழுதிய பாட்டு. அவரும் உழவர். குளிர்காலம் நெருங்கும்போது அவருடைய ஏர் ஒரு சுண்டெலியின் கூட்டைப் பிரித்துப் போட்டுவிடுகிறது. மனித ஆதிக்கம் இயற்கையின் உறவை முறித்துவிட்டதற்கு வருந்துகிறேன் என்று எலியிடம் சொல்கிறார். நீ திருடுகிறாய், தெரியும். கட்டுக்கட்டான கதிரில் எப்போதாவது ஒன்று கேட்கிறாய், அது பெரிதா என்கிறார். ஒரே எலி, ஒரே கதிர். சோழன் கண்ணுக்கு அது கஞ்சத்தனம், பர்ன்ஸ் கண்ணுக்கு அது பிழைப்பு.

சோழனுக்கு எலி ஒரு மனிதவகையின் பெயர். ஆனால் 'வளைகதிர்' கொண்டு 'அளைமல்க' வைக்கும் காட்சி துல்லியமானது, அதையும் குறைத்துச் சொல்லக் கூடாது. பர்ன்ஸுக்கு எலி எதிரே நடுங்கும் ஓர் உயிர். அதனால்தான் கடைசியில் எலியைத் தன்னைவிடப் பாக்கியசாலி என்று சொல்ல முடிகிறது. எலிக்கு இந்த நிமிடத்துத் துன்பம் மட்டுமே. அவருக்கோ நேற்றைய வருத்தமும் நாளைய பயமும் சேர்ந்து இருக்கின்றன. கேள்வி கேட்ட விவசாயி பர்ன்ஸைக் கேட்டுவிட்டு, 'அவர் வயலில் எலி கம்மி போலிருக்கிறது' என்றார்.

ஆங்கிலப் பாட்டில் வரும் செஸ்டர்டன் கழுதையைப் பெரும்பாணாற்றுப்படைக் கழுதையோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம். ஜி. கே. செஸ்டர்டனின் பாட்டு 1900இல் வந்த அவருடைய தொகுப்பில் உள்ளது. நான்கு நான்கு அடிகளாக நான்கு பத்தி. கழுதையே பேசுகிறது. மீன்கள் பறந்து, காடுகள் நடந்து, முள்ளில் அத்தி பழுத்த ஒரு குழப்பக் காலத்தில் பிறந்தேன் என்கிறது. கோரமான தலை, குமட்டும் குரல், வழி தவறிய சிறகுகள் போன்ற காது என்று உலகம் செய்யும் கேலியை அதுவே சொல்லிக்கொள்கிறது. பட்டினி போடுங்கள், அடியுங்கள், நான் ஊமை, என் இரகசியம் என்னிடம். கடைசிப் பத்தியில்: முட்டாள்களே, எனக்கும் ஒரு நேரம் இருந்தது, காதைச் சுற்றி ஆரவாரம், காலடியில் ஓலைகள்.

இயேசு எருசலேமுக்குள் கழுதை மேல் ஏறி வந்த நிகழ்ச்சி அது. நம் ஊர்த் தேவாலயங்களில் குருத்தோலை ஞாயிறாகக் கொண்டாடப்படுகிறது. இயேசுவின் பெயர் பாட்டில் எங்குமே இல்லை. கழுதைக்குத் தெரிந்த அளவே சொல்லப்படுகிறது: சத்தம், ஓலை. அந்த அடக்கத்துக்காகவே இந்தப் பாட்டை எனக்குப் பிடிக்கும்.

இரண்டு பாட்டிலும் காது வருகிறது. செஸ்டர்டனுக்குக் காது கேலிப்பொருள், பிறகு ஆரவாரம் கேட்ட உறுப்பு. உருத்திரங்கண்ணனாருக்கு அது நிமிர்ந்த காது, அவ்வளவே. செஸ்டர்டனின் கழுதைக்குப் பெருமை யார் ஏறினார் என்பதால் வந்தது. தமிழ்க் கழுதைக்கு முதுகின் தழும்பே போதும். என் சாய்வு தமிழ்க் கழுதை பக்கம். ஆனால் தேர்வில் எழுதும்போது ஒன்றை மறக்கக் கூடாது: பெரும்பாணாற்றுப்படை 500 அடி, அதில் கழுதை ஓரமாக நடந்து போகிறது. செஸ்டர்டனின் பாட்டு முழுவதும் கழுதையுடையது. முழுப் பாட்டையும் ஓர் அடியையும் ஒரே தட்டில் வைத்து, இதில் உணர்ச்சி இல்லை, அதில் இருக்கிறது என்று முடிவுகட்டுவது நியாயமில்லை. புறநானூறு 392ஓடு வைத்தால் இன்னும் கூர்மையாக வரும். கழுதை இழிந்தது என்பதை இரண்டு பாட்டுமே ஏற்றுக்கொண்டு தொடங்குகின்றன. ஔவையார் அந்த இழிவைப் பகைவன் மேல் எறிகிறார், செஸ்டர்டன் அதைத் தலைகீழாகப் புரட்டுகிறார்.

புகழ்ந்து பாடினால் அது மரியாதைதானே?

பாரதியாரின் குயில் பாட்டைப் படியுங்கள். குயில் ஒரு குரங்கிடம் காதல் பேசுகிறது. மனிதர்கள் பட்டுமயிர் இல்லாத உடம்பைத் துணியால் மூடுகிறார்கள், ஆனாலும் 'தெய்வங் கொடுத்த திருவாலைப் போலாமோ' என்று வாலைத் துதிக்கிறது. புகழ்ச்சி ஒரு படி அதிகமாகிறது, நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்பு குரங்கைப் பார்த்து மட்டும் வருவதில்லை. மறைந்து நின்று கேட்டுக் குமுறும் மனிதக் காதலனைப் பார்த்தும் வருகிறது. யார் பேசுகிறார்கள் என்று பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

இரக்கம் அதிகம் உள்ள பாட்டுதான் சிறந்தது என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார்.

உங்கள் ஆசிரியரோடு எனக்குச் சண்டை வேண்டாம். ஆனால் இரக்கம் சில நேரம் விலங்கை மறைத்துவிடும். 'பாவம், பாவம்' என்று நான்கு முறை சொன்னபின் எந்த விலங்கு என்றே மறந்துபோகும். ஜப்பானியக் கவிஞர் இசா சண்டையில் தோற்கும் ஓர் ஒல்லித் தவளையிடம், விட்டுவிடாதே, இசா இங்கே இருக்கிறேன் என்கிறார். மூன்றே வரி. 'ஒல்லி' என்பது மட்டும்தான் வர்ணனை. இரக்கத்தோடு கொஞ்சம் சிரிப்பும் இருப்பதால் அது கசிந்து ஒழுகுவதில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது?

நற்றிணை 83இல் தொடங்குங்கள். ஊர் வாசலில் பழைய மரத்தில் இருக்கும் கூகையிடம் தோழி பேரம் பேசுகிறாள்: நெய்ச்சோறும் இறைச்சியும் தருகிறோம், வெள்ளெலிச் சூட்டுக்கறியும் தருகிறோம், அவர் வரும் இரவில் மட்டும் அலறாதே. எலிக்கறி என்றதும் வகுப்பு விழித்துக்கொள்ளும். பிறகு நற்றிணைப் பன்றி. ஒரு பிள்ளையை இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் பின்னால் நகரச் சொல்லுங்கள். அகநானூற்று எருமையை வினைச்சொற்களாக மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, எந்த விலங்கு என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். உள்ளுறையை மேல் வகுப்புக்கு விட்டுவிடுங்கள். புறநானூற்றுக் கழுதைக்கு முன் ஒரு பிடி கொள்ளும் வரகும் கொண்டுபோய்க் காட்டுங்கள். வரகைப் பார்க்காத பிள்ளைகள் தருமபுரி நகரத்திலேயே இருக்கிறார்கள்.

செஸ்டர்டனைக் கடைசியில் வையுங்கள். குருத்தோலை ஞாயிறு என்றால் என்ன என்பதை முதல் நாளே வேறு ஏதோ பேச்சில் சொல்லி வைத்துவிட வேண்டும். கடைசி வரியில் நிறுத்தி விளக்கினால் பாட்டு அங்கேயே செத்துவிடும்.